யாருமற்ற பாறை: ஹான்ஸ் தீவும் 'கண்டுபிடிப்பு' என்னும் சொல்லாடலும்

'மனிதர் வசிக்காத தீவு' என்றொரு சொற்றொடர் புவியியல் நூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் அடிக்கடி தென்படும். பரப்பளவு இவ்வளவு, அட்சரேகை இவ்வளவு, மக்கள்தொகை பூஜ்யம். மழையளவைச் சொல்வதுபோல, பாறையின் வகையைச் சொல்வதுபோல, இதையும் ஒரு இயற்கைத் தகவலாகச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் வசித்தல் என்றால் என்ன? வீடு கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு, வரி கட்டுவதுதான் வசித்தலா? நாய்வண்டியோடு வந்து, பாறைமேல் ஏறி நின்று, பனி எந்தப் பக்கம் உடைகிறது என்று பார்த்துவிட்டுக் கரடியைத் தேடிப் போகிறவர் அங்கே 'இல்லாதவர்' ஆகிவிடுகிறாரா? யாருடைய கணக்கில் அந்தப் பூஜ்யம்? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கத் தோதான ஒரு சின்ன இடம் ஹான்ஸ் தீவு. சின்ன இடம் என்றால் ரொம்பச் சின்ன இடம். மொத்தம் 1.3 சதுர கிலோமீட்டர்.

இந்தத் தீவின் பெயரைக் கேள்விப்பட்டவர்களுக்கும் அநேகமாகத் தெரிந்திருப்பது 'விஸ்கி யுத்தம்' கதை மட்டும்தான். கனடாக்காரர்கள் வந்து கொடி நட்டு, ஒரு புட்டி கனடிய விஸ்கியை வைத்துவிட்டுப் போவார்களாம். பிறகு டென்மார்க்காரர்கள் வந்து அந்தக் கொடியைப் பிடுங்கித் தங்கள் கொடியை நட்டு, ஒரு புட்டி ஷ்னாப்ஸை வைத்துவிட்டுப் போவார்களாம். உலகத்திலேயே நாகரிகமான எல்லைத் தகராறு என்று பத்திரிகைகள் சிரித்துச் சிரித்து எழுதின. கதை நல்ல கதைதான், சிரிக்கவும் செய்யலாம். ஆனால் அந்தச் சிரிப்பு எதையெல்லாம் மூடி வைத்திருக்கிறது என்று கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். கிரீன்லாந்தின் வடமேற்குக் கரைக்கும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய கடல்வழி ஓடுகிறது. அதற்கு நேர்ஸ் நீரிணை என்று பெயர். அதன் நடுப்பகுதியைக் கென்னடி கால்வாய் என்கிறார்கள். அங்கே, 80 பாகை 49 கலை வட அட்சத்தில், இரண்டு கரைகளுக்கும் ஏறக்குறைய சம தூரத்தில், செங்குத்தான ஓரங்களோடு நிற்கிற சுண்ணாம்புப் பாறைதான் இந்தத் தீவு. நீரிணையின் அகலம் இங்கே சுமார் 35 கிலோமீட்டர். மரம் கிடையாது. மண் என்று சொல்லும்படியாக ஒன்றும் கிடையாது. குளிர்காலத்தில் சுமார் நான்கு மாதம் சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை. வட துருவம் இங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர்.

இந்த நீரிணை ஒரு வாய்க்கால் மாதிரி. ஆர்க்டிக் பெருங்கடலில் பல வருஷங்களாக இறுகிக் கெட்டித்துப்போன பனிப்பாளங்கள் இதன் வழியாகத் தெற்கே பாஃபின் விரிகுடாவுக்கு இறங்குகின்றன. வருகிற பாளங்கள் நடுவழியில் நிற்கிற இந்தப் பாறையில் மோதி, நொறுங்கி, விலகிப் போகின்றன. குளிர்காலத்தில் நீரிணை பல இடங்களில் உறைந்து நிலம்போல ஆகிவிடும். தெற்கு வாயில் பக்கத்தில் வளைவான ஒரு பனித்தடுப்பு உருவாகி வடக்கிலிருந்து வருகிற பனியை நிறுத்திவிடும். அதற்குத் தெற்கே கடல் உறையாமல் திறந்து கிடக்கும். சீல், வால்ரஸ், திமிங்கிலம், பறவைகள் எல்லாம் அங்கே கூடும். அந்தத் திறந்த நீருக்கு இனுயிட் மக்கள் பிகியலாசோர்சுவாக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்று வாதிட்ட வேகனர், எல்ஸ்மியரை உரசிக்கொண்டு கிரீன்லாந்து நகர்ந்துபோன தடமே இந்த நீரிணை என்றார். நிலவியலாளர்கள் அதை வைத்துப் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். அது தனிக்கதை.

நமக்கு வேண்டியது இதுதான்: ஐரோப்பிய வரைபடத்தில் இது இரண்டு நிலங்களைப் பிரிக்கிற நீர். அங்கே வாழ்ந்தவர்களுக்கோ வருஷத்தில் பெரும்பகுதி இது இரண்டு நிலங்களைச் சேர்க்கிற பாதை.

*

அந்த வரைபடத்தில் இருக்கிற பெயர்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள். நேர்ஸ் என்பவர் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி. கென்னடியும் ராப்சனும் அமெரிக்கக் கடற்படைத் துறைச் செயலர்கள். பணம் ஒதுக்கியவர்கள், அங்கே கால் வைத்ததில்லை. கேன், ஹால் இருவரும் பயணத் தலைவர்கள். பீட்டர்மான் ஜெர்மனியில் உட்கார்ந்து வரைபடம் போட்டவர். அவர் பெயரில் ஒரு பெரிய பனியாறே இருக்கிறது. ஹான்ஸ் தீவுக்குப் பக்கத்திலேயே ஃபிராங்க்ளின் தீவு, குரோசியர் தீவு என்று இரண்டு. 1845ல் கப்பல்களோடு காணாமல் போன பிரிட்டிஷ் கடற்படைத் தளபதிகள் அவர்கள். எல்லாமே குடும்பப் பெயர்கள். இதற்கு நடுவே மூன்று சின்னத் தீவுகள்: ஹான்ஸ் தீவு, ஹன்னா தீவு, ஜோ தீவு. ஹான்ஸ், ஹன்னா, ஜோ. வெறும் பெயர். வீட்டில் வேலை செய்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி.

இந்த மூவரும் இனுயிட்கள். 'எஸ்கிமோ' என்று நாம் பள்ளிப் புத்தகத்தில் படித்தது பிறர் அவர்களுக்கு இட்ட பெயர். இனுயிட் என்றால் அவர்கள் மொழியில் மக்கள். மூவருமே அமெரிக்கர் சார்ல்ஸ் ஃபிரான்சிஸ் ஹால் தலைமையில் 1871ல் கிளம்பிய 'போலாரிஸ்' கப்பலில் இருந்தவர்கள். ஹன்னாவின் பெயர் தக்குலிட்டுக். ஜோவின் பெயர் இபியெர்பிங். ஹான்ஸின் பெயர் சுயெர்சாக். ஹான்ஸ் ஹெண்ட்ரிக் என்பது ஞானஸ்நானப் பெயர். அதிலும் ஹெண்ட்ரிக் உதிர்ந்துபோய் ஹான்ஸ் மட்டும் வரைபடத்துக்குப் போயிற்று. தீவுக்கு அந்தப் பெயர் போலாரிஸ் பயணத்தில் விழுந்தது. 1876ல் வெளிவந்த அமெரிக்கக் கடற்படையின் அதிகாரபூர்வப் பயண நூலில் அச்சேறியது.

பெயரிடுதல் இந்த வட்டாரத்தில் எவ்வளவு பெரிய அதிகாரமாக இருந்தது என்பதற்கு இன்னொரு சங்கதி. கனடாவில் 1941லிருந்து இனுயிட்களுக்கு எண் பொறித்த வில்லைகள் கொடுக்கப்பட்டன. அவர்கள் பெயரை உச்சரிக்கவோ எழுதவோ அதிகாரிகளுக்கு முடியவில்லை. ஆகவே ஆளுக்கொரு எண், கழுத்தில் தொங்க. 1970களின் தொடக்கம் வரை இது நடந்தது. பாறைக்கு மனிதனின் பெயர், மனிதனுக்கு எண்.

சரி, ஹான்ஸ் யார்? கிரீன்லாந்தின் தெற்கே ஃபிஸ்கெனேசெட் என்ற ஊரில், மொராவிய மிஷனைச் சேர்ந்த குடும்பத்தில், 1830களில் பிறந்தவர். 1853ல், இருபது வயதுகூட ஆகாதபோது, எலிஷா கென்ட் கேன் என்ற அமெரிக்கரின் கப்பலில் வேட்டைக்காரராகச் சேர்ந்தார். 1854 ஜூனில் வில்லியம் மார்ட்டன் என்ற கப்பல் சிப்பந்தியும் ஹான்ஸும் நாய்வண்டியில் கிரீன்லாந்துக் கரையோரமாக வடக்கே போனார்கள். கென்னடி கால்வாயில் பனி இல்லாத தண்ணீர் தெரிந்தது. திரும்பி வந்து மார்ட்டன் சொன்னதை வைத்துக்கொண்டு கேன் ஒரு மகத்தான 'கண்டுபிடிப்பை' அறிவித்தார்: வட துருவத்தைச் சுற்றி உறையாத ஒரு திறந்த கடல் இருக்கிறது! அப்படியொரு கடல் கிடையாது. ஆனால் அந்த இல்லாத கடலைத் தேடி அடுத்த இருபது வருஷம் கப்பல்கள் போயின. பணம் திரட்டினார்கள், புத்தகம் விற்றார்கள், ஆட்கள் செத்தார்கள். இருந்த தீவைவிட இல்லாத கடலுக்குத்தான் அன்றைக்கு மவுசு.

கேனின் கப்பல் பனியில் மாட்டிக்கொண்டு இரண்டு குளிர்காலத்தைக் கழித்தபோது ஆட்கள் உயிரோடு இருந்ததற்குக் காரணங்களில் ஒன்று ஹான்ஸின் துப்பாக்கி. இன்னொன்று வட கிரீன்லாந்தின் இனுகுயிட் மக்கள் கொடுத்த இறைச்சி. 1855ல் ஹான்ஸ் கப்பலை விட்டுவிட்டுப் போய் இனுகுயிட்களோடு தங்கிவிட்டார். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு 1860ல் ஹேய்ஸ் என்பவரின் பயணம். மனைவி, குழந்தையோடு போனார். 1871ல் போலாரிஸ், மனைவி, மூன்று குழந்தைகள். கப்பலிலேயே நான்காவது குழந்தையும் பிறந்தது.

போலாரிஸ் கதை தெரிந்ததுதான். தலைவர் ஹால் 1871 நவம்பரில் செத்துப்போனார். 1968ல் கல்லறையைத் தோண்டிப் பார்த்தபோது உடம்பில் ஆர்செனிக் விஷம் நிறைய இருந்தது. கொன்றது யார் என்று இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. 1872 அக்டோபர் 15ந் தேதி இரவு, புயலில் கப்பல் மூழ்கப்போகிறது என்று பயந்து சாமான்களைப் பனிமேல் இறக்கிக்கொண்டிருந்தபோது பாளம் உடைந்து 19 பேர் தனியே மிதந்து போனார்கள். அதில் ஒன்பது பேர் இனுயிட்கள். அந்த ஒன்பதில் ஐந்து குழந்தைகள். கடைசிக் குழந்தைக்கு வயது இரண்டு மாதம். 1873 ஏப்ரல் 30 வரை, ஆறரை மாதம், சுமார் 2900 கிலோமீட்டர், கரைந்துகொண்டே போகிற பனிப்பாளத்தின்மேல். 19 பேரும் உயிரோடு லாப்ரடார் கரையருகே மீட்கப்பட்டார்கள். எப்படி? ஹான்ஸும் ஜோவும் சீல் அடித்தார்கள். அவ்வளவுதான். ஆயுதம் வைத்திருந்த மாலுமிகள் படகை உடைத்து விறகாக எரித்தார்கள். இனுயிட்கள் பனியில் குடில் கட்டிக் கொடுத்து, வேட்டையாடிச் சோறு போட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், பசி முற்றினால் இந்த வெள்ளைக்காரர்கள் தங்களை அடித்துத் தின்றுவிடுவார்களோ என்று ஜோவும் ஹன்னாவும் நடுங்கிக்கொண்டிருந்தது அந்தக் குழுவின் பொறுப்பிலிருந்த டைசனின் எழுத்திலேயே பதிவாகியிருக்கிறது. 'காட்டுமிராண்டி' என்கிற பிம்பத்தை யார் யாருக்குக் கட்டமைத்தார்கள் என்று யோசிக்கும்போது இந்த நடுக்கத்தை மறந்துவிடக் கூடாது.

1875-76ல் நேர்ஸின் பிரிட்டிஷ் பயணத்திலும் ஹான்ஸ் இருந்தார். ஆக இந்த நீரிணையை வரைபடமாக்கிய நான்கு பெரும் பயணங்களிலும் இருந்த ஒரே மனிதர் அநேகமாக இவர்தான். அப்படியானால் 'கண்டுபிடித்தவர்' என்று யாரைச் சொல்வது?

ஹான்ஸ் எழுதவும் செய்தார். தன் மொழியிலேயே. ஹென்ரிக் ரிங்க் அதை ஆங்கிலத்தில் பெயர்க்க, 1878ல் லண்டனில் புத்தகமாக வந்தது. கேன், ஹால் வகையறாக்களின் பயண நூல்களில் வருகிற 'விசுவாசமான ஹான்ஸ்', 'சோம்பேறி ஹான்ஸ்' என்கிற ஆள் இதில் இல்லை. இதில் இருப்பவர் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர். கப்பல்காரர்கள் கூடிக் கூடித் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று மனசு கலங்குகிறவர். ஒருமுறை அந்தக் கலக்கத்தில் கப்பலை விட்டுத் தனியே வெளியேறிப் போனவர். பெரிய கண்டுபிடிப்புகளைப் பற்றி அவர் சிலாகிப்பதில்லை. எத்தனை மான், எத்தனை சீல், யார் செத்தார்கள், யார் அன்பாக நடந்துகொண்டார்கள் - இதுதான் அவருடைய வரலாறு. இது மொழிபெயர்ப்பாளரின் கைபட்ட பிரதி என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். ஆனாலும் கண்டுபிடிப்பு என்கிற பெருங்கதையாடலுக்குள் கூலி ஆளாக இருந்த ஒருவர் அதைத் தன் கண்ணால் பார்த்து எழுதிய பிரதி இது. இப்படியானவை மிகச் சிலவே.

தமிழில் 'கண்டுபிடி' என்கிறோம். கண்டு, பிடி. பார்ப்பதும் பற்றுவதும் ஒரே வினைச்சொல்லில் ஒட்டிக் கிடக்கிறது. ஐரோப்பியர்களின் ஆர்க்டிக் வரலாறு முழுக்க இந்த இரண்டாவது பாதிதான். கண்டவர்கள் முன்பே இருந்தார்கள். அந்தத் தீவைத் தார்த்துபாலுக் என்று கூப்பிட்டார்கள். சிறுநீரகத்தின் வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். வேட்டைக்குப் போகிறவர்கள் ஏறி நின்று பனியை நோட்டம் பார்க்கிற இடம் அது. 1860களில் பாஃபின் தீவிலிருந்து கித்லார்சுவாக் என்ற மந்திரவாதியின் தலைமையில் ஒரு கூட்டம் பல வருஷம் நடந்து, இந்த நீரிணையின் தெற்கு வாயிலைப் பனிமேல் தாண்டி, கிரீன்லாந்துக்கு வந்து சேர்ந்தது. இனுகுயிட்களுக்கு மறந்துபோயிருந்த கயாக் தோணி, வில் அம்பு ஆகியவற்றை இவர்கள்தான் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். இந்தப் பயணத்தை எந்தக் கடற்படையும் நூலாகப் போடவில்லை. வாய்மொழியாக வந்ததைப் பின்னால் நூட் ராஸ்முசன் எழுதி வைத்தார்.

*

இனி 'பிடி'.

சர்வதேசச் சட்டத்தில் 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்றொரு கருத்தாக்கம் உண்டு. மனிதர் இல்லை என்று அர்த்தமில்லை. ஐரோப்பிய மாதிரியான அரசு இல்லை என்று அர்த்தம். 1880ல் பிரிட்டன் தன்னுடைய ஆர்க்டிக் தீவுகளையெல்லாம் ஒரே ஆணையில் கனடாவுக்குத் தூக்கிக் கொடுத்தது. எந்தெந்தத் தீவு என்ற பட்டியல்கூட அதில் கிடையாது. 1916ல் டென்மார்க் தன் மேற்கிந்தியத் தீவுகளை அமெரிக்காவுக்கு இரண்டரைக் கோடி டாலருக்கு விற்றது. அந்த வியாபாரத்தோடு வியாபாரமாக, கிரீன்லாந்து முழுவதிலும் டென்மார்க் தன் ஆட்சியை விரிப்பதற்கு ஆட்சேபனை இல்லை என்று அமெரிக்கா எழுதிக் கொடுத்தது. கரீபியக் கறுப்பர்களின் தீவுகளும் இனுயிட்களின் நிலமும் ஒரே மேஜைமேல் கைமாறின. இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை.

1933ல் ஹேக் நீதிமன்றம் கிழக்குக் கிரீன்லாந்து நார்வேக்கு இல்லை, டென்மார்க்குக்கே என்று தீர்ப்பளித்தது. அதில் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது: ஜனங்கள் அருகிய நிலங்களில் ஒரு அரசு தன் இறையாண்மையை நிரூபிக்கப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, எதிராளியிடம் அதைவிட வலுவான ஆதாரம் இல்லாமலிருந்தால் போதும். இப்போது அந்த விஸ்கிப் புட்டியை மறுபடி பாருங்கள். அது கேலிப் பொருளில்லை, சாட்சிப் பொருள். கொடி, சீட்டு, புட்டி, தபால் முத்திரை - வெற்று நிலத்தில் எதையாவது வைத்துவிட்டு வருவதே ஆட்சி.

1920 வாக்கில் எல்ஸ்மியரில் கஸ்தூரி எருதுகளை கிரீன்லாந்து இனுயிட்கள் வேட்டையாடுகிறார்கள், தடுங்கள் என்று டென்மார்க்கைக் கனடா கேட்டுக்கொண்டது. அங்கே வேறு அரசு எதுவும் இல்லை, என் வணிக நிலையம் நடத்துகிற அதிகாரம்தான் அதிகாரம் என்கிற தோரணையில் ராஸ்முசனிடமிருந்து பதில் போயிற்று. ஒட்டாவாவில் பதறிப்போனார்கள். 1922ல் கிரெய்க் ஹார்பர், 1926ல் பேச் தீபகற்பம் என்று எல்ஸ்மியரில் காவல் நிலையங்கள் முளைத்தன. காவலரே தபால் அதிகாரியும். கடிதம் போட அக்கம்பக்கத்தில் ஆளில்லை. இதில் வேடிக்கை, அந்தக் காவலர்களுக்கு வழிகாட்டவும் வேட்டையாடிச் சாப்பாடு கொடுக்கவும் கூலிக்கு வைத்துக்கொண்டது அதே கிரீன்லாந்து இனுயிட்களை. யாரைத் தடுக்கப் போனார்களோ அவர்கள் இல்லாமல் அங்கே ஒரு நாள் ஓட்ட முடியவில்லை.

அடுத்து வருவது வேடிக்கை இல்லை.

1953. நீரிணையின் கிழக்கே, கிரீன்லாந்தில், உம்மன்னாக் என்ற இனுகுயிட் ஊர். 1951ல் டென்மார்க்கும் அமெரிக்காவும் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி அதற்குப் பக்கத்தில் தூலே விமானத் தளம் எழும்பியிருந்தது. இன்னும் இடம் வேண்டும் என்றார்கள். 1953 மே மாதம் அங்கிருந்த குடும்பங்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள், சில நாள் அவகாசத்தில் வீட்டை விட்டு வடக்கே போக வேண்டியிருந்தது. அங்கே புது வீடுகள் கட்டி முடியவில்லை, கூடாரத்தில் தங்கினார்கள். அந்தப் புது ஊர்தான் கானாக். அடுத்த மாதம், ஜூன் 5ந் தேதி, டென்மார்க்கின் புதிய அரசியல் சட்டம் கிரீன்லாந்தைக் 'காலனி' என்ற நிலையிலிருந்து விடுவித்து நாட்டின் சரிசமமான பகுதியாக அறிவித்தது! 1999ல் டேனிஷ் உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றம் தவறு என்று சொல்லிக் கொஞ்சம் நஷ்ட ஈடு கொடுத்தது. 2003ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, ஆனால் திரும்பிப் போகிற உரிமையைக் கொடுக்கவில்லை. தளம் இருக்கிறது. 2023ல் அதற்குப் பிதுஃபிக் என்று உள்ளூர்ப் பெயரை வைத்தார்கள்.

அதே 1953. நீரிணையின் மேற்கே, கனடா. வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்தும் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். 1955ல் இன்னும் சில குடும்பங்கள். எல்லாமாகச் சுமார் 90 பேர். இனுக்ஜுவாக்காரர்களுக்குப் போகிற இடம் சுமார் 2000 கிலோமீட்டர் வடக்கே. அங்கே வேட்டை செழிப்பாக இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று சொன்னார்கள். நடுவழியில்தான் தெரிந்தது, எல்லாரும் ஒரே இடத்துக்குப் போகவில்லை என்று. ரெசல்யூட்டுக்குச் சிலர், கிரைஸ் ஃபியோர்டுக்குச் சிலர். தெற்கத்தி இனுயிட்களுக்கு மாதக்கணக்கான இருட்டு என்பதே புதிது. முதல் குளிர்காலம் கூடாரத்தில். திரும்பிப் போகலாம் என்ற வாக்கு காற்றில் போயிற்று. இவர்களைப் பின்னால் 'மனிதக் கொடிக்கம்பங்கள்' என்று அழைத்தார்கள். வெற்று நிலத்தில் கனடாவின் ஆட்சியை நிறுவக் கொடிக்குப் பதிலாகக் குடும்பங்களை நட்டார்கள் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. வேட்டை குறைந்ததால்தான் மாற்றினோம் என்றது அரசு. 1994ல் ஒரு அரச ஆணையம் இதைப் பற்றித் தனி அறிக்கை கொடுத்தது, 1996ல் ஒரு கோடி டாலர் நிதி, 2010ல்தான் மன்னிப்பு. அந்த மன்னிப்பு உரையிலேயே, வட துருவப் பகுதியில் கனடாவின் இருப்பை வலுப்படுத்தப் பங்களித்தவர்கள் என்று அவர்களைப் பாராட்டியும் வைத்தார்கள்.

ஒரே வருஷம், நீரிணையின் இரு பக்கமும். ஒரு அரசு ஆட்களைப் பிடுங்குகிறது, ஒரு அரசு ஆட்களை நடுகிறது. சியோராபாலுக் போன்ற ஓரிரு சிற்றூர்களை விட்டுவிட்டால், 'மனிதர் வசிக்காத' ஹான்ஸ் தீவுக்கு இன்றைக்கு அண்டை ஊர்கள் கிழக்கே கானாக்கும் மேற்கே கிரைஸ் ஃபியோர்டும்தான். இரண்டுமே அந்த வருஷத்து உத்தரவுகளில் முளைத்தவை. வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில் அலெர்ட் இருக்கிறது. அது ராணுவ நிலையம். பூஜ்யம் என்கிற எண்ணுக்குப் பின்னால் இப்படியொரு கூட்டல் கழித்தல் இருக்கிறது. எட்வர்ட் சைத் 'கற்பனைப் புவியியல்' என்றார். கற்பனை என்றதும் ஏதோ மனசுக்குள் நடப்பது என்று தோன்றலாம். அதற்குக் கப்பல், விமானத் தளம், கூடாரம் எல்லாம் உண்டு.

*

ஹான்ஸ் தீவு சண்டைக்குள் வந்தது 1973ல். கடலடித் தரையைப் பிரித்துக்கொள்ளக் கனடாவும் டென்மார்க்கும் டிசம்பர் 17ந் தேதி ஒப்பந்தம் போட்டன. நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைத்து ஒரு கோடு. 122வது புள்ளியில், தீவின் தென்கரையில் கோடு நின்றுவிட்டது. 123வது புள்ளியில், வடகரையில் மறுபடி தொடங்கியது. நடுவில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளி. இரண்டு கரையிலிருந்தும் 12 கடல்மைல் அளந்தால் இரண்டு எல்லைக்குள்ளும் இந்தப் பாறை வருகிறது. ஆகவே கோடு போடாமல் விட்டுவிட்டார்கள்.

1980களின் தொடக்கத்தில் டோம் பெட்ரோலியம் என்ற கனடிய எண்ணெய் நிறுவனம் இங்கே ஆட்களை அனுப்பியது. மிதந்து வருகிற பனிப்பாளம் பாறையில் மோதும்போது எவ்வளவு விசை என்று அளப்பது வேலை. ஆர்க்டிக் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற மேடைகளை எவ்வளவு கெட்டியாகக் கட்ட வேண்டும் என்று தெரிய வேண்டுமே. ஆக, யாருக்கும் பிரயோசனமில்லாத பாறை என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1983ல் அங்கிருந்து திரும்பிய ஒருவரின் தொப்பியில் ஹான்ஸ் தீவின் பெயரைக் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களோடு சேர்த்துப் போட்டிருந்ததை ஆர்க்டிக் வரலாற்றாளர் கென் ஹார்ப்பர் பார்த்தார். அதைப் பற்றிக் கானாக் பத்திரிகை ஒன்றில் எழுதினார். செய்தி கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்தது. 1984ல் டென்மார்க்கின் கிரீன்லாந்து அமைச்சர் டாம் ஹோயம் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிக் கொடி நட்டார். புட்டிக் கதை அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. 2002, 2003ல் டேனிஷ் போர்க்கப்பல்கள் வந்து போயின. 2005 ஜூலையில் கனடியச் சிப்பாய்கள் வந்தார்கள்; ஒரு வாரத்தில் பாதுகாப்பு அமைச்சர் பில் கிரஹாமே வந்து நின்றார்.

அந்தச் சிப்பாய்கள் கொடியோடு நிறுத்தவில்லை. கல்மேல் கல் வைத்து ஒரு இனுக்ஷுக் கட்டினார்கள். இனுக்ஷுக் என்பது இனுயிட்கள் வழி காட்டவும் வேட்டைக்கும் வைக்கிற கல் அடையாளம். ஒரு காலத்தில் கழுத்தில் எண் மாட்டிய அரசு, நிலத்துக்கு உரிமை கொண்டாடும்போது மட்டும் அவர்களுடைய அடையாளத்தைக் கட்டிவைக்கிறது. டென்மார்க்கும் இதில் சளைத்ததில்லை. கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய தீவு என்பது அதன் வாதங்களில் ஒன்று. வேட்டைக்காரர் பனியில் வைத்த காலடி, கோப்புக்குப் போனதும் மன்னரின் காலடியாக மாறிவிடுகிறது. விளிம்பை மையம் இப்படித்தான் மேற்கோள் காட்டும்.

2022 ஜூன் 14ந் தேதி ஒட்டாவாவில் சமாதானம் ஆயிற்று. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. பார், நாங்கள் எப்படித் தீர்த்துக்கொள்கிறோம் என்று அமைச்சர்கள் பெருமையாகச் சொன்னார்கள். கடைசியாக ஒருமுறை புட்டிகளை மாற்றிக்கொண்டார்கள். தீவின் குறுக்கே வடக்குத் தெற்காக ஓடுகிற இயற்கையான ஒரு பாறைப் பிளவை எல்லையாக வைத்து இரண்டாக்கினார்கள். பெரிய பாதி கிரீன்லாந்துப் பக்கம். கடல் எல்லையோடு சேர்த்துச் சுமார் 3900 கிலோமீட்டர் எல்லை முடிவாயிற்று. கனடா, டென்மார்க் வெளியுறவு அமைச்சர்களோடு கிரீன்லாந்துப் பிரதமர் மூட்டே எகெடேவும் கையெழுத்துப் போட்டார். 1973ல் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம் இது. 1979ல் கிடைத்த உள்ளாட்சிக்கும் 2009ல் கிடைத்த தன்னாட்சிக்கும் பின்னால் கிரீன்லாந்துக்காரர்கள் நடத்திய அரசியல் இருக்கிறது. இந்தப் பக்கம் 1999ல் உருவான நுனாவுட். தீவின் பெயரைத் தார்த்துபாலுக் என்றே இரு தரப்பும் எழுதின. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் பண்பாட்டுக் காரியங்களுக்கும் இரு பக்கத்து இனுயிட்களும் தீவில் தடையின்றி நடமாடலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. முன்பு யாரும் அனுமதி கேட்காமல் செய்துகொண்டிருந்ததற்கு இப்போது எழுத்தில் அனுமதி. இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. எழுத்தில் இல்லாததால் என்னவாகிறது என்று 1953 காட்டியிருக்கிறது.

ஆனால் அந்த நடமாட்டம் ஒரு பாறையோடு முடிகிற காரியமில்லை. கானாக்கிலிருந்து எல்ஸ்மியருக்குப் பனிமேல் போய்வருகிற பழைய வழக்கம், எல்லைக் காவல் இறுகியபின் சட்டப்படி முடியாததாகிவிட்டது. நீரிணையின் இரு பக்கத்து இனுயிட்களும் சேர்ந்து அமைத்த பிகியலாசோர்சுவாக் ஆணையம் ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் கேட்டு 2017ல் 'பனிப்பாலத்தின் மக்கள்' என்ற அறிக்கையை வெளியிட்டது. திறந்த நீர்ப்பகுதியை இனுயிட்களே நிர்வகிக்க வேண்டும், இரு பக்கமும் சொந்தபந்தங்களைப் பார்க்கப் போய்வர வழி வேண்டும் என்று அது கேட்டது. அறிக்கையின் தலைப்பிலிருக்கிற பனிப்பாலம், நீரிணையின் தெற்கே குளிர்காலத்தில் உறைந்து வளைகிற அந்தத் தடுப்புதான். 2007ல் அது உருவாகவே இல்லை. அதற்குப் பின்னாலும் சில குளிர்காலங்களில் அது உருவாகவில்லை, அல்லது சீக்கிரமே உடைந்து போய்விட்டது.